கீழ்நோக்கி வளர்ந்த மலை: கோலார் தங்கவயலின் நிலமும் மக்களும் பண்பாடும்

ஒரு பிரதேசத்தின் இயற்கையைப் பூகோள சாஸ்திரத்துக்கும், அங்கு வாழும் ஜனங்களை மானிடவியலுக்கும், அவர்களுடைய வழிபாடு, உணவு, கலை முதலியவற்றைப் பண்பாட்டு ஆராய்ச்சிக்குமாகப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, பிறகு இம்மூன்றையும் இணைக்க வழி தேடுவது இக்காலத்து ஆராய்ச்சியாளரின் வழக்கமாக இருக்கிறது. தொல்காப்பியர் வகுத்த பொருளிலக்கணத்தில் அந்தப் பங்கீட்டுக்கே இடமில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள்; அந்நிலத்துக்கு உரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில் முதலியன கருப்பொருள்; அவற்றினிடையே வாழும் மாந்தரின் நெஞ்சில் நிகழ்வது உரிப்பொருள் என்று அவர் மூன்றையும் ஒரே சரட்டில் கோத்து வைத்தார். அந்த முறையையே துணையாகக் கொண்டு, மலைநாடு என்று எவரும் எளிதில் ஒப்புக்கொள்ளாத ஒரு மலைநாட்டை இங்கே ஆராய எண்ணுகிறேன். அது கர்நாடகத்தின் கீழ்க்கோடியில், ஆந்திரமும் தமிழகமும் வந்து சந்திக்கும் எல்லைக்கு அருகில், பங்காருப்பேட்டையிலிருந்து பிரியும் கிளை ரயில் பாதையின் முடிவில் இருக்கிறது. அரசாங்கக் காகிதங்களில் அதன் பெயர் கோலார் தங்கவயல். அங்கே பிறந்தவர்களோ, எந்த மொழி பேசுகிறவர்களானாலும், கே.ஜி.எஃப். என்றே சொல்வார்கள்.

கடல் மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில், மைசூர்ப் பீடபூமியின் கிழக்கு விளிம்பில் இருக்கும் இவ்வூரை உதகையோடோ கொடைக்கானலோடோ ஒப்பிட்டால் இதைச் சாதாரண மேட்டுநிலம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் மலை என்பது மேல்நோக்கி உயர்ந்த நிலம் மட்டுமே என்று கொள்வதற்குக் காரணம் என்ன? தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டர். தொட்டபெட்டா 2,637 மீட்டர். தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கமோ பூமிக்குள் சுமார் 3,200 மீட்டர் இறங்கியது. அந்தச் சுரங்கத்தைத் தலைகீழாக நிமிர்த்தி வைக்க முடியுமானால் ஆனைமுடி அதன் தோளுக்குக் கீழேதான் நிற்கும். மலையில் ஏற ஏறக் குளிர்வது போல இங்கே இறங்க இறங்கக் கொதித்தது. மலையின் உயரத்துக்கு ஏற்ப மரஞ்செடிகள் மாறுவது போல இங்கே ஆழத்துக்கு ஏற்ப மனிதரின் கூலியும் ஆயுளும் மாறின. உயரத்தால் உருவான வாழ்க்கையை மலைவாழ்க்கை என்கிறோம். ஆழத்தால் உருவான வாழ்க்கைக்கு நம்மிடம் பெயர் இல்லை. அதனால்தான் தங்கவயலைக் கீழ்நோக்கி வளர்ந்த ஒரு மலையாகக் காண்பது பொருந்தும் என்று கருதுகிறேன்.

சரித்திரத்தில் தற்செயலாக நேர்ந்த ஒரு பொருத்தம் இவ்விஷயத்தில் என் மனத்தைக் கவர்ந்ததுண்டு. 1802ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் தொடரிலுள்ள சிம்போராசோ மலையில் ஏறினார். சிகரத்தை அவர் எட்டவில்லையாயினும், எந்த உயரத்தில் எந்தத் தாவரம் வளர்கிறது, எங்கே காற்று இளைக்கிறது என்பதையெல்லாம் ஒரே சித்திரத்தில் வரைந்து காட்டி, மலைகளைப் பற்றிய நவீன ஆராய்ச்சிக்கு அஸ்திவாரமிட்டார். அதே 1802ஆம் ஆண்டில், திப்பு சுல்தான் வீழ்ந்தபின் மைசூர் ராஜ்யத்தின் கிழக்கு எல்லையை அளந்துகொண்டிருந்த லெப்டினன்ட் ஜான் வாரன் என்ற ஆங்கிலேய சேனை அதிகாரி, மண்ணில் பொன் இருப்பதாகக் கேள்விப்பட்டு உரிகம், மாரிக்குப்பம் என்னும் கிராமங்களுக்கு வந்து சேர்ந்தார். ஒருவர் உயரத்தை அளந்துகொண்டிருந்த ஆண்டில் மற்றவர் ஓர் ஆழத்தின் வாயிலில் வந்து நின்றார்.

இனி முதற்பொருளைப் பார்ப்போம். கோலார்ப் பகுதியின் அடிப்படை, கோடிக்கணக்கான ஆண்டுகள் முதிர்ந்த கருங்கல். அந்தக் கருங்கல்லின் நடுவே, வடக்கிலிருந்து தெற்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்துக்கு, நாடாவைப் போல ஒடுங்கிய கரும்பாறைப் பட்டை ஒன்று கிடக்கிறது. ஆதியில் எரிமலைக் குழம்பாக வெளிவந்து, அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் உருமாறிய இந்தப் பட்டையின் வயது சுமார் 270 கோடி ஆண்டுகள் என்று நிலவியலார் கணக்கிடுகிறார்கள். இமயமலையின் வயது சில கோடி ஆண்டுகளே என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தப் பாறையின் முதுமை விளங்கும். இப்பட்டையின் பிளவுகளில் கொதிநீரோடு கலந்து மேலேறிய சிலிக்கா வெண்படிகக் கல்லாக உறைந்தபோது அதனுடன் பொன்னும் உறைந்தது. அவ்வாறு அமைந்த படிகக்கல் நரம்புகளில் மிகச் செழிப்பானதற்குச் 'சாம்பியன்' நரம்பு என்று பெயர். ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளில் எண்ணூறு டன்னுக்கு மேற்பட்ட பொன் இந்தப் பட்டையிலிருந்து எடுக்கப்பட்டது. ஆரம்பத்தில் ஒரு டன் கல்லில் நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்த பொன், இறுதிக் காலத்தில் மூன்று கிராம் அளவுக்குக் குறைந்துவிட்டது.

நீர் விஷயத்தில் இந்நிலம் வறியது. இருபருவ மழையும் எட்டிப் பார்க்கும் இடமாயினும் எதுவும் நிறைந்து பொழிவதில்லை. நந்திமலைப் பக்கத்தில் தோன்றும் பாலாறு இம்மாவட்டத்தின் வழியாகத்தான் கிழக்கே இறங்குகிறது. அந்த ஆற்றின் குறுக்கே பேத்தமங்கலத்தில் தேக்கிய ஏரியே தங்கவயலின் குடிநீருக்கு நெடுங்காலம் ஆதாரமாக இருந்தது. இதே பாலாறு வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாகச் செல்லும் நதியாதலால், இதை மனத்தில் வைத்துக்கொள்ளும்படி வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன்.

சுற்றியுள்ள குன்றுகளில் முட்புதர்களும் உருண்டைக் கற்பாறைகளுமே மிகுதி. கிழக்கிலும் தெற்கிலும் உள்ள காமசமுத்திரம் பக்கத்துக் காடுகளுக்கு யானைகள் வந்துபோகின்றன. திறந்த வெளிகளில் வெளிமான்கள் உண்டு. கோலார் மாவட்டத்துக்கே உரிய ஒரு ஜீவனையும் குறிப்பிட வேண்டும். அனுமனஹள்ளி என்னும் சிற்றூரின் கற்குகையில் வாழும் ஒருவகை இலைமூக்கு வௌவால் உலகத்தில் வேறெங்கும் இருப்பதாக அறியப்படவில்லை. இருநூறுக்கும் குறைவாகவே எஞ்சியிருக்கும் அந்த இனத்தைக் கல்லுடைப்புத் தொழில் அச்சுறுத்துகிறது. மண்ணுக்குள் வாழப் பழகிய மனிதரும், கல்லுக்குள் வாழப் பழகிய பிராணியும் ஒரே மாவட்டத்தில் அடுத்தடுத்து வாழ்ந்திருக்கிறார்கள்.

மனிதரின் கதையைத் தொடங்குமுன் ஒரு பழைய செய்தி. தங்கவயலுக்குத் தமிழர் வந்தது சுரங்கக் கம்பெனிகளால் மட்டுமே என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் கோலார் முதலில் கங்க மன்னரின் தலைநகராக இருந்து, பின்னர் சோழர் வசமாகி, நிகரிலிச் சோழ மண்டலம் என்று பெயர் பெற்றது. கோலாரம்மன் கோயிலிலும் சுற்றுப்புற ஊர்களிலும் தமிழ்க் கல்வெட்டுக்கள் நிறைய உள்ளன. அந்தக் காலத்துத் தமிழருக்கும் பின்னாளில் வந்த சுரங்கத் தொழிலாளருக்கும் நேரான உறவு சொல்வதற்குச் சான்று இல்லையென்றாலும், இம்மேட்டுநிலத்தில் தமிழ் ஒலிப்பது ஆயிரம் ஆண்டுப் பழக்கம் என்பதை மறக்கலாகாது.

வாரன் கண்ட காட்சி மிகவும் முக்கியமானது. மாரிக்குப்பத்தில் தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட ஜனங்கள் ஆழமில்லாத குழிகளுக்குள் இறங்கிக் கல்லை உடைத்தார்கள். கற்கள் கூடைகளில் கைக்குக் கை மாறி மேலே வந்தன. பெண்கள் அவற்றைப் பாறையில் வைத்துப் பொடியாக்கி, நீரில் அலசிப் பொன்துகளைப் பிரித்தார்கள். ஆகவே தங்கவயலைக் 'கண்டுபிடித்தவர்' என்று எந்த வெள்ளைக்காரரைக் குறிப்பிட்டாலும் அது பிழையாகும். அங்கே பொன் இருப்பது அந்தப் பெண்களின் கைகளுக்கு முன்னமே தெரிந்திருந்தது. அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நியூஜிலாந்துப் போர்களில் ஈடுபட்டுப் பெங்களூரில் வந்து குடியேறிய லாவெல் என்ற ஐரிஷ்காரர் வாரனின் குறிப்பைப் படித்து, 1871இல் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்து, 1875இல் மைசூர் அரசாங்கத்திடம் உரிமை பெற்றார். பணமில்லாமல் அதைப் பிறருக்கு மாற்றினார். 1880இல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி நிர்வாகத்தை ஏற்றது. கைமுதல் கரைந்து நம்பிக்கை இற்றுப்போன சமயத்தில் மைசூர்ச் சுரங்கத்தில் சாம்பியன் நரம்பு அகப்பட்டது. 1902இல் காவிரியின் சிவசமுத்திர அருவியில் எடுத்த மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் கம்பி வழியாக இங்கே வந்தது. அக்காலத்தில் உலகத்திலேயே மிக நீண்ட மின்பாதை அது. பெங்களூர் நகரின் தெருக்களுக்கு முன்னரே தங்கவயலின் சுரங்கங்களுக்கு மின்விளக்கு எட்டியது.

1901ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் தங்கவயலின் மக்கள் 38,204 பேர். கால் நூற்றாண்டுக்கு முன் சில குடிசைகள் மட்டுமே இருந்த இடத்தில் இத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள்? பெரும்பான்மையோர் வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். அவர்களிலும் பெரும்பான்மையோர் கிராமங்களில் நிலமின்றிப் பண்ணையாட்களாக உழைத்த ஆதிதிராவிடர்கள். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் ஊரைவிட்டுக் கிளம்ப அவர்களை நெருக்கியது. கிராமத்தில் மாறாத சாதிக் கட்டுப்பாடும் கடனும் திரும்பிப் போகாதிருக்கக் காரணமாயின. சற்றுமுன் நினைவில் வைக்கச் சொன்ன பாலாறு இங்கேதான் வருகிறது. குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் வட்டாரங்களிலிருந்து புறப்பட்ட அந்த ஜனங்கள், தங்கள் ஊருக்கு வந்துசேராமல் வற்றிக்கொண்டிருந்த ஆற்றின் மேற்பகுதியை நோக்கி ஏறிவந்தவர்கள் என்றே சொல்லலாம். கீழே தண்ணீருக்குக் காத்திருந்தவர்கள் அதே ஆற்றின் நீரைப் பேத்தமங்கலம் குழாயில் பிடித்துக் குடிக்கலானார்கள்.

மலைநாடுகளில் மக்கள் உயரத்துக்கு ஏற்ப அடுக்கடுக்காக வாழ்வதை மானிடவியலார் கண்டிருக்கிறார்கள். நீலகிரியில் எருமை மேய்க்கும் தொதவர், இரும்பும் மண்கலமும் வனைந்து இசை முழக்கும் கோத்தர், தானியம் விளைக்கும் படகர், காட்டுப் பொருள் கொணரும் குறும்பர் என ஒவ்வொரு கூட்டத்தாரும் மற்றவருக்கு வேண்டிய ஒன்றைக் கொடுத்து வேறொன்றைப் பெற்று வாழ்ந்தார்கள். தங்கவயலிலும் அடுக்குகள் இருந்தன. ஆனால் பரஸ்பரக் கொடுக்கல் வாங்கல் இல்லை. மேட்டில் தோட்டங்களோடு கூடிய பங்களாக்களில் ஆங்கிலேய அதிகாரிகளும் கார்ன்வால் நாட்டுச் சுரங்க நிபுணர்களும் இருந்தார்கள். 'குட்டி இங்கிலாந்து' என்று ஊருக்குப் பெயர் வந்தது அவர்களால்தான். அவர்களுக்குக் கீழே மேற்பார்வை வேலைகளில் ஆங்கிலோ இந்தியரும் சில இத்தாலியரும், காவலுக்குப் பஞ்சாபியர், கடைவீதியில் வணிகர், கணக்கெழுத்தில் படித்த வகுப்பார். எல்லாருக்கும் கீழே, சொல்லின் நேர்ப்பொருளிலேயே கீழே, தமிழ்த் தொழிலாளரும் தெலுங்குத் தொழிலாளரும். நீலகிரியில் உயரம் மக்களை வேறுபடுத்தியது. தங்கவயலில் கம்பெனியும் சாதியும் சேர்ந்து வேறுபடுத்தின.

அந்த ஆழத்தைப் பற்றி, அங்கு வேலை பார்த்து ஓய்ந்த ஒரு முதியவர் எனக்குச் சொன்னதை இங்கே தருகிறேன். ஷாஃப்டின் வாயில் நிற்கும் இரும்புக் கூண்டில் தோளோடு தோள் உரசி ஆட்களை நிறுத்துவார்கள், மணி அடித்ததும் கூண்டு இறங்கும், காது அடைக்கும், எச்சிலை விழுங்கிக்கொள்ள வேண்டும். ஒரே ஷாஃப்டில் அடிவரை போய்விட முடியாது. ஒன்றில் இறங்கி, நடந்து, இன்னொன்றில் ஏறி மறுபடி இறங்க வேண்டும். மிக ஆழத்தில் பாறையின் வெப்பம் 65 டிகிரிக்கு மேல். மேலே குளிர்வித்த காற்றைக் குழாய்வழியே கீழே செலுத்தினால்தான் மனிதன் நிற்க முடியும். "மலையேறுகிறவனுக்குக் கால் வலிக்கும், எங்களுக்கு மூச்சுத்தான் வலிக்கும்" என்றார் அவர். பாறை தன்மேல் அழுத்தும் பாரம் தாங்காமல் திடீரெனத் தெறிக்கும் பாறை வெடிப்பை மற்றெல்லா அபாயங்களைக் காட்டிலும் அவர்கள் அஞ்சினார்கள். அப்போது மேலே ஊரில் பாத்திரங்கள் அதிரும். பெண்கள் தெருவுக்கு ஓடிவந்து ஷாஃப்ட் இருக்கும் திசையைப் பார்த்து நிற்பார்கள். வெடிப்பில் தப்பியவர்களையும் கல்தூசி விடவில்லை. நுரையீரலில் படிந்து இறுகும் அந்தத் தூசியால் வந்த சிலிகோசிஸ் என்னும் நோய் எத்தனையோ பேரை நடுவயதிலேயே கொண்டுபோயிற்று. இந்தச் செய்தியைச் சொல்லும்போது அந்த முதியவர் மார்பில் கை வைத்தே பேசினார்.

கருப்பொருள்களைக் கணக்கெடுத்தால் தங்கவயலின் பண்பாடு தெளிவாகும். தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறையைச் சொன்னார். இங்கே அந்த இடத்தில் இருந்தது சுரங்கத்துச் சங்கு. ஷிப்டு தொடங்கும்போதும் முடியும்போதும் ஊதிய அந்தச் சங்கைக் கொண்டே வீடுகளில் உலை வைத்தார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள், குழந்தை பிறந்த நேரத்தையும் குறித்தார்கள். உணவு ராகிக் களியும் கீரையும் கருவாடும், கிடைக்கும் நாளில் இறைச்சியும். வீடு என்பது 'லைன்' வீடு: மூங்கில் தட்டியால் அடைத்துத் தகரம் வேய்ந்த ஒற்றை அறைகள் வரிசை வரிசையாக, குனிந்து நுழைந்தால் எதிரே அடுப்பு, பக்கத்தில் சுருட்டி வைத்த பாய், சுவரில் மாட்டிய படம், அவ்வளவே. ஒரு லைனில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். அந்த நெருக்கத்திலிருந்துதான் தங்கவயலாரின் கூட்டுணர்ச்சி பிறந்தது என்று நினைக்கிறேன். ஒரு வீட்டுத் துக்கம் லைன் முழுவதற்கும் துக்கமாயிருந்தது.

தெய்வங்களில் மாரியம்மன் முதன்மை பெற்றாள். கிராமத்தில் சேரிக்கும் ஊருக்கும் நடுவே பங்கிடப்பட்ட அம்மனை இங்கே தங்களுக்கே உரியவளாக அவர்கள் நிறுவிக்கொண்டார்கள். ஆண்டீஸ் மலையில், நாலாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ள பொட்டோசி வெள்ளிச் சுரங்கத்தில், தொழிலாளர்கள் பாறைக்குள்ளேயே 'மாமன்' என்று அழைக்கும் ஒரு கொம்புத் தெய்வத்தை வைத்து, அதற்குக் கோக்கா இலையும் மதுவும் படைத்து வருகிறார்கள். 1545இல் அங்கே வெள்ளி கண்டறியப்பட்டபின் ஸ்பானியர் மலைவாசிகளைக் கட்டாய ஊழியத்தில் இறக்கிய கொடுமையின் நினைவு அந்த வழிபாட்டில் கலந்திருக்கிறது. பூமியின் குடலுக்குள் நுழைகிறவன் எந்தக் கண்டத்தில் இருந்தாலும் நிலத்தின் உடைமைக்காரரிடம் அனுமதி கேட்கிறான். தங்கவயலில் மாதாகோயில்களும் நிறைய. கிறிஸ்துமஸ் விளக்கும் மாரியம்மன் கூழும் ஒரே லைனில் மாறிமாறி வருவது இன்றும் சகஜம்.

ஆயினும் தங்கவயலின் பண்பாட்டில் தலைமையான நிகழ்ச்சி பௌத்தம் என்பது என் துணிபு. 1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவிய அயோத்திதாசப் பண்டிதர், 1907 ஜூன் 19ஆம் நாள் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். பிற்பாடு அது 'தமிழன்' என்றே வழங்கியது. அந்த இதழின் வாசகர்களும் ஆதரவாளர்களும் மிகுந்திருந்த ஊர்களில் தங்கவயலும் ஒன்று. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் இயங்கின. பகலெல்லாம் பாறையைக் குடைந்துவிட்டு வந்த மனிதர், மாலையில் விளக்கைச் சுற்றி அமர்ந்து, எழுத்தறிந்த ஒருவர் 'தமிழன்' படிக்கக் கேட்டு, தம் முன்னோர் இழிந்தவர் அல்லர், பூர்வ பௌத்தர் என்ற செய்தியைத் தெரிந்துகொண்டார்கள். 1914இல் பண்டிதர் மறைந்தபின் இயக்கத்தின் கனமே தங்கவயலுக்கு இடம்மாறிற்று. சித்தார்த்தா புத்தகசாலை அவருடைய எழுத்துக்களை நூல்களாக அச்சிட்டு வெளியிட்டது, ஜி. அப்பாதுரையார் 1926இல் 'தமிழன்' இதழை இங்கிருந்தே மீண்டும் நடத்தலானார். சென்னையிலும் மதுரையிலும் உள்ள இலக்கியச் சரித்திரக்காரர்கள் நவீனத் தமிழின் பதிப்புக்களைப் பட்டியலிடும்போது சுரங்கத் தொழிலாளரின் கூலிக்காசில் அச்சான இந்தப் புத்தகங்களை நெடுங்காலம் விட்டுவிட்டது பெருங்குறையாகும்.

இந்த விழிப்பு சும்மா இருக்கவில்லை. 1930இல் தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்ய நிர்வாகம் முற்பட்டபோது, குற்றவாளிகளைப் போலத் தங்களை நடத்துவதாக உணர்ந்த ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். அந்தப் போராட்டத்தின் மையம் கூலியை விட மானமாகவே இருந்தது. 1946 நவம்பர் 4ஆம் நாள் போலீசாரின் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர் உயிரிழந்தார்கள். அந்த நாளை இன்றும் தங்கவயலில் நினைவு கூர்கிறார்கள். சுதந்திரத்துக்குப்பின் 1956இல் மைசூர் அரசாங்கம் சுரங்கங்களை ஏற்றுக்கொண்டது. பிறகு மத்திய அரசாங்கம் ஏற்று, 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற நிறுவனமாக்கியது. அதே 1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தங்கவயல் தமிழர் மொழிச் சிறுபான்மையினராகவே நின்றார்கள். தமிழ்ப் பள்ளிகள் படிப்படியாகக் குறைந்தன.

தங்கத்தை விட அபூர்வமான ஒன்றையும் இந்த ஆழம் தந்திருக்கிறது. ஆகாயத்திலிருந்து பொழியும் கதிர்களை மேலிருக்கும் பாறை வடிகட்டிவிடுவதால், எதையும் ஊடுருவிச் செல்லும் நியூட்ரினோ என்னும் நுண்துகளைத் தேட ஆழ்சுரங்கமே தக்க இடம். பி.வி. ஸ்ரீகண்டன் முதலிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தார் 1951 முதலே இங்கே ஆராய்ச்சி செய்துவந்தார்கள். ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகளும் சேர்ந்து, 1965இல் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவின் சுவட்டைக் கண்டறிந்தார்கள். இமயத்தின் சிகரங்களில் வானத்தை ஆராய்வதைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோம். வானத்தை அதன் எதிர்த்திசையிலிருந்து ஆராய்ந்த இடம் இது. விஞ்ஞானிகளின் கருவிகளைச் சுமந்து இறக்கி வைத்த கைகளும் அந்தச் சாதனையில் பங்குடையவை.

2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. நீர் இறைக்கும் யந்திரங்கள் நின்றதும் மலை கீழிருந்து மேலாக நிரம்பியது. சங்கு நின்றது. இப்போது தங்கவயலுக்குப் போகிறவர் கண்ணில் முதலில் படுபவை சைனைடு மேடுகள். பொன்னைப் பிரித்தபின் கொட்டிய கல்மாவு மூன்று கோடி டன்னுக்கும் மேலாக, பதின்மூன்று மேடுகளாகக் குவிந்து, மெய்யான குன்றுகளைப் போலவே நிற்கிறது. ஒரு மேட்டின் மேல் ஏறி நின்று பார்த்தேன். மேற்புறம் அப்பளம் போல் உடையும் சாம்பல்நிற ஓடு. அதன் அடியில் விரலிடுக்கில் வழுவிப்போகும் மாவு. மழைநீர் அறுத்த வாய்க்கால்கள் உச்சியிலிருந்து அடிவரை ஓடி, தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு உண்மையான மலையின் மடிப்புகளைப் போலத் தோன்றுகின்றன. இடையிடையே சீமைக்கருவேலம். காற்று வீசும் மாதங்களில் இந்த மாவு எழுந்து லைன் வீடுகளின் சோற்றுப் பானையில் விழுகிறது. அந்த மேடுகளில் எஞ்சிய பொன்னைப் பிரித்தெடுக்கும் திட்டங்களுக்கு அரசாங்கங்கள் இசைவு தந்திருக்கின்றன. அத்திட்டங்களில் தூசியால் வாடும் வீடுகளுக்கு முதலிடம் கொடுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். கே.ஜி.எஃப். என்ற கன்னடத் திரைப்படமும், 2024இல் வந்த 'தங்கலான்' என்ற தமிழ்ப் படமும் இவ்வூரின் பெயரை உலகெங்கும் பரப்பிவிட்டன; ஊருக்குள் வந்து பார்ப்பவர் மிகச் சிலரே.

உரிப்பொருளுக்கு வருவோம். சுரங்கம் ஓடிய காலத்தில் தங்கவயல் பெண்களின் நெஞ்சில் நிகழ்ந்தது முல்லைக்குரிய இருத்தல். கூண்டில் இறங்கியவன் ஏறி வரும்வரை, சங்கு ஊதும்வரை, பொறுத்திருத்தல். இப்போது அது பாலைக்குரிய பிரிவாகிவிட்டது. விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில்களில் இவ்வூரின் இளைஞரும் பெண்களும் ஆயிரக்கணக்கில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். சோற்று டப்பாவை மடியில் வைத்தபடி உறங்கும் பெண்கள், சீட்டாடும் வாலிபர், நின்றுகொண்டே பாடம் படிக்கும் கல்லூரி மாணவி, இருட்டுவதற்குப்பின் அதே வண்டியில் திரும்பும் அதே முகங்கள். நாளில் நாலைந்து மணி நேரம் அவர்களுக்கு வண்டியிலேயே கழிகிறது. குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்று இளங்கோவடிகள் சொன்ன கருத்து இந்த ஊருக்கு அப்படியே பொருந்துகிறது.

சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர்கள் முதியவர்களாகி, ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள். ஆழத்துக்கும் வெப்பத்துக்கும் பாறையின் ஓசைகளுக்கும் அவர்கள் வழங்கிய சொற்கள், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஆங்கிலமும் கலந்து சுரங்கத்துக்குள்ளேயே பிறந்த அந்தச் சொற்கள், எந்த அகராதியிலும் இல்லை. நீலகிரியின் தொதவர் பாடல்களை ஒரு பேராசிரியர் அமர்ந்து ஆயிரம் பக்க நூலாக எழுதி வைத்ததால் இன்று அவை நமக்குக் கிடைக்கின்றன. தங்கவயலுக்கு அப்படி எவரும் அமரவில்லை. தமிழ்ப் பல்கலைக்கழகங்களும் தமிழ்ச் சங்கங்களும் ஒலிப்பதிவுக் கருவியோடு இரண்டு மாணவரை அனுப்பினாலே வேலை தொடங்கிவிடும். அதுவரை, பெங்களூருக்குப் போகும் வாசகர் ஒரு நாளை ஒதுக்கி, மாரிக்குப்பம் வண்டியில் ஏறி, கடைசி நிலையத்தில் இறங்கி, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு முதியவரிடம் அவர் எந்த ஷாஃப்டில் இறங்கினார் என்று கேட்டு, அவர் சொல்லும் சொற்களைச் சொன்னபடியே எழுதிக்கொண்டு வரவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.